இனிஷியல் முன்னாடியா, பின்னாடியா?

ஊருக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. தெருவில் யார் பார்த்தாலும் கேட்பது ஒரே கேள்விதான். "எந்தக் கம்பெனி விசாம்மா?" கம்பெனி விசா இல்லை என்றால், "அப்ப ஃப்ரீ விசாவா?" தண்டையார்பேட்டை, காசிமேடு, ராயபுரம் பக்கம் விசா என்றாலே வளைகுடாதான். கம்பெனி விசாவில் போனால் கம்பெனி பொறுப்பு. ஃப்ரீ விசா என்றால் கஃபீலுக்கு, அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் அந்த ஊர்க்காரருக்கு, பணம் கட்டிவிட்டு வெளியில் வேலை தேடிக்கொள்வது, பேர் மட்டும்தான் ஃப்ரீ. விசிட் விசாவில் போனவர்கள் கதையைத் தனியாக எழுதவேண்டும்.

என் விசா இந்த மூன்றிலும் சேராது. எனக்குச் சம்பளம் போடும் கம்பெனி அயர்லாந்தில் இருக்கிறது, இரண்டு வருடம் நான் பினாங்கில் உட்கார்ந்து அவர்களுக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்துகொண்டிருந்தேன், அடுத்து தாய்லாந்து போகிறேன், மலேசியாவிலும் சரி தாய்லாந்திலும் சரி எனக்கு வேலை கொடுத்தவர் ஒருத்தரும் கிடையாது. இதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் பொறுமையாகச் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: "அப்ப உன்ன இன்னாத்துக்கு உள்ள வுடுறான்?"

நியாயமான கேள்வி. கொரோனா வந்து எல்லோரும் லேப்டாப்போடு வீட்டில் முடங்கிய 2020-ல் எஸ்டோனியா இதற்கென்றே 'டிஜிட்டல் நோமாட் விசா' என்று ஒன்று கொண்டுவந்தது. அதன் பிறகு ஒவ்வொரு நாடாகப் பிடித்துக்கொண்டது. கணக்கு எளிது: உன் சம்பளம் வெளியிலிருந்து வரட்டும், வாடகையும் சாப்பாடும் இங்கே செலவு பண்ணு, எங்கள் ஆள் வேலையில் கை வைக்காதே. மலேசியா 2022 அக்டோபரில் டி ரன்தாவ் என்ற பாஸைத் தொடங்கியது. 3 மாதத்திலிருந்து 12 மாதம் வரை தருவார்கள், இன்னொரு 12 மாதம் புதுப்பிக்கலாம், அதோடு சரி. கணினித் துறை ஆட்களுக்கு வருடத்துக்கு 24,000 டாலருக்கு மேல் வருமானம் காட்டவேண்டும். தாய்லாந்தில் இதே மாதிரி விசாவுக்கு டிடிவி என்று பெயர், 2024 ஜூலையில் வந்தது. 5 வருடம் செல்லும், ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் 180 நாள், கையிருப்பு 5 லட்சம் பாட் காட்டவேண்டும், கட்டணம் 10,000 பாட், அதுவும் விண்ணப்பிக்கும் நாட்டைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். ஜப்பானும் 2024 மார்ச் கடைசியில் ஆறு மாத விசா ஒன்று தொடங்கியது. வருட வருமானம் ஒரு கோடி யென் கேட்டார்கள். அதைக்கூட விடுங்கள், அவர்கள் வெளியிட்ட நாடுகள் பட்டியலில் இந்தியாவே இல்லை. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

இதெல்லாம் எந்த யூடியூப் வீடியோவைத் திறந்தாலும் கிடைக்கும். கடற்கரையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒருத்தர் சொல்லுவார். அவர் சொல்லாததைத்தான் நான் எழுத உட்கார்ந்தேன். இந்த விசாவில் பாதி வேலை பினாங்கிலும் இல்லை, பாங்காக்கிலும் இல்லை. எங்கள் வீட்டு பீரோவில், மேல்தட்டில், ஒரு பழைய துணிக்கடைப் பைக்குள் இருக்கிறது.

அந்தப் பைக்குள் நான் ஐந்து பேராக இருக்கிறேன்.

என் பெயர் தமிழரசி, அப்பா பெயர் ஏழுமலை. இரண்டு பெயரிலும் ழ. இதைவிட ஒரு பெண்ணுக்கு வேறென்ன கேடு வேண்டும்? பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஆங்கிலத்தில் ழவுக்கு இசட்டும் எச்சும் போட்டு, இனிஷியல் முன்னால். ஆதாரில் வெறும் எல், அப்பா பெயர் முழுசாகப் பின்னால். பேங்க் கணக்கில் பெயர் முதலில், இனிஷியல் கடைசியில். பாஸ்போர்ட்டில் இரண்டு பெயரையும் சேர்த்து முதல் கட்டத்தில் போட்டு, குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். அயர்லாந்துக் கம்பெனி ஒப்பந்தத்தில் நான் 'தமிழ் ஏழுமலை', ஏனென்றால் மீட்டிங்கில் எல்லோரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அந்த எச்ஆர் அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டார். அப்பாவின் ஆதாரில் அவர் பெயர் வேறு ஸ்பெல்லிங், அதனால் அவர் எனக்கு அப்பா என்பதற்கே சாட்சி தேவைப்படுகிற நிலைமை.

நம் ஊரில் யாரும் இதைக் கவனிப்பதில்லை. ரேஷன் கடைக்காரருக்கு என்னைத் தெரியும், போதும். ஆனால் விசா விண்ணப்பத்தைப் பார்க்கிறவர் எங்கோ ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பேங்க் ஸ்டேட்மென்டில் ஒரு பெயர், ஒப்பந்தத்தில் ஒரு பெயர். இவர் பணம் வைத்திருக்கிறாரா என்பது இருக்கட்டும், பணம் வைத்திருப்பது இவர்தானா என்பதே அவருக்குக் கேள்வி. முதல் முறை என் விண்ணப்பம் அங்கேதான் நின்றது. தப்பு என்று சொல்லமாட்டேன், அவர் இடத்தில் நான் இருந்தாலும் நிறுத்தியிருப்பேன்.

என் சித்தப்பா மகன் கதை இன்னும் மோசம். அவன் பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு வார்த்தைதான் பெயர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று சொல்லிவிட்டது. பின்பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்று பிறகு இறங்கி வந்தார்கள், ஆனால் இவன் கிளம்பியது அந்த இடைப்பட்ட நாட்களில். மாலை போட்டு அனுப்பிய பிள்ளை மறுநாள் காலையில் அதே மாலையோடு ஆட்டோவில் வந்து இறங்கினான்.

எங்கள் ஆயா இதைக் கேட்டுச் சிரித்தது. ஆயா ரங்கூனில் பிறந்தது. 1964-ல் பர்மாவின் நெ வின் அரசு கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறி வந்த கூட்டத்தில் ஒருத்தி. கப்பலேறும் முன் காகிதம் எழுதிய ஆள் முனியம்மா என்பதை என்னவோ எழுதிவைக்க, இன்றைக்கு வரைக்கும் அந்தக் காகிதத்தில் இருப்பவள் யாரோ. "பேரு போனா போவுது, ஆளு வந்து சேந்துச்சில்ல" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டது. இப்போதெல்லாம் தலைகீழ். பெயர் போய்ச் சேர்ந்தால்தான் ஆள் போகமுடியும். (பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடும்போதெல்லாம் எனக்கு இந்த முனியம்மா விவகாரம்தான் ஞாபகம் வரும்.)

பெயரை அடுத்து முகவரி. சென்னைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, ஒரே வாசலுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. ஆதாரில் பழையது, கேஸ் புத்தகத்தில் புதியது, பேங்க்கில் இரண்டும் நடுவில் ஒரு சாய்கோட்டோடு. ஊர்ப் பெயருக்கு ஆங்கிலத்தில் எத்தனை எழுத்து என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. 2020 ஜூனில் அரசே 1,018 ஊர்ப் பெயர்களுக்குத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கில எழுத்துகளை மாற்றி ஆணை போட்டது, தண்டையார்பேட்டையும் அதில் உண்டு. சில நாட்களில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கொரியர் பையனுக்கு நான் இன்றைக்கும் சொல்வது "அகஸ்தியா தியேட்டர் இருந்துச்சே, அந்தப் பக்கம்" என்றுதான். விசா ஃபாரத்தில் அப்படி எழுத முடியாது.

சரி, என்ன செய்தேன்? பாஸ்போர்ட் முடிய ஒன்றரை வருடம்கூட இல்லை. 5 வருட விசாவை அதில் வாங்கிவிட்டு அப்புறம் பழையதையும் புதியதையும் சேர்த்துச் சுமப்பதைவிட, முதலில் பாஸ்போர்ட்டையே புதுப்பித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்துக்கு நகர்த்திவிடலாம் என்று முடிவு செய்தேன். தாய்லாந்தில் பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டித் தங்க நாள் தரமாட்டார்கள், அதுவும் ஒரு காரணம். புதுப்பிக்கும்போது 60 பக்கப் புத்தகம் கேளுங்கள், 1,500-க்குப் பதில் 2,000 ரூபாய், அவ்வளவுதான் வித்தியாசம். என்னைப் போல வருடத்துக்கு நாலு முறை எல்லை தாண்டுகிறவர்களுக்கு 36 பக்கம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அதற்கு முன் ஒரு அஃபிடவிட். இத்தனை பெயரில் இருப்பதும் ஒரே ஆள்தான் என்று. பாரிமுனையில், ஐகோர்ட்டுக்கு எதிர்ப்பக்கச் சந்து ஒன்றில், ஒரு ஸ்டூல், ஒரு கம்ப்யூட்டர், தலைக்கு மேல் தார்ப்பாய் என்று உட்கார்ந்திருந்த பெரியவரிடம் போனேன். பழைய டைப்ரைட்டர் ஒன்றும் பக்கத்தில் இருந்தது, அதன்மேல் டீ கிளாஸ். என் காகிதங்களை ஒவ்வொன்றாகத் தொடையில் அடுக்கிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"இனிஷியல் முன்னாடியா, பின்னாடியா?"

"படிப்புல முன்னாடி, பேங்க்ல பின்னாடி, பாஸ்போர்ட்ல இல்லவே இல்ல சார்."

"அது தெரியுது. நீ இன்னா வெச்சிக்கினு சாவப்போற, அத்தச் சொல்லு."

யோசித்துப் பார்த்தால் இதுவரைக்கும் யாரும் என்னைக் கேட்டதே இல்லை. பாஸ்போர்ட்டில் இருக்கும் ஸ்பெல்லிங், எழுத்து மாறாமல், என்றேன். சரி என்று தட்ட ஆரம்பித்தார். வேறு யாருக்காவது இது உதவும் என்றால்: பாஸ்போர்ட்டைத்தான் தாய்க் காகிதமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஏற்ப ஆதாரையும் பேங்க்கையும் திருத்துங்கள், கம்பெனியிடம் ஒப்பந்தத்தைப் புதிதாக வாங்குங்கள். தலைகீழாகச் செய்தால் கெஜட் வரைக்கும் இழுக்கும். பெயரையே மாற்றுவதென்றால் எழுதுபொருள் அச்சுத்துறைக்கு விண்ணப்பித்து அரசிதழில் வரவேண்டும், எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

நான் பாரிமுனையில் நின்றுகொண்டிருந்த ஒரு நாளில் வீட்டுக்குப் பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் வெரிஃபிகேஷன் வந்திருக்கிறது. அம்மா அவரை உட்காரவைத்து, மோர் கொடுத்து, பெருமையாகச் சொல்லியிருக்கிறார்: "அவ மலேசியாலல்ல சார் இருக்கா, ரெண்டு வருசமா." கொடுத்த முகவரியில் விண்ணப்பதாரர் குடியிருக்கிறாரா என்று பார்க்கத்தான் அவரே வந்திருக்கிறார்! விஷயம் தெரிந்து ஸ்டேஷனுக்கு ஓடினேன். பாஸ் முடிந்துவிட்டது, திரும்பி வந்துவிட்டேன், இதோ குடியேற்ற முத்திரை, இதோ போர்டிங் பாஸ் என்று எல்லாவற்றையும் காட்டி, தெருவில் இரண்டு பேர் கையெழுத்து வாங்கிக் கொடுத்த பிறகு சரியானது. அம்மாவிடம் கேட்டால், "பொய் சொல்லச் சொல்றியா?" என்கிறார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லைதான்.

அடுத்து பணம். 5 லட்சம் பாட் என்றால் மாற்று விலையைப் பொறுத்து ஏறக்குறைய 12, 14 லட்சம் ரூபாய். எங்கள் வீட்டில் பணம் என்பது மூன்று உருவத்தில் இருக்கும்: நகை, சீட்டு, யாருக்கோ கொடுத்த கைமாற்று. பேங்க்கில் இருப்பது கரண்ட் பில் கட்ட. அம்மா யோசனை சொன்னார், "நகைய வெச்சி மொத்தமா போட்டுக் காட்டிட்டு, விசா வந்தவுடனே மூட்டுடலாம்." மூன்று நாளைக்கு முன் மொத்தமாக விழுந்த 10 லட்சத்தை ஸ்டேட்மென்டில் பார்த்தால் எந்த அதிகாரிக்கும் அது யார் பணம் என்று தெரிந்துவிடும். அவர்கள் பார்ப்பது தொகையை மட்டும் இல்லை, அது எத்தனை மாதமாக அங்கே இருக்கிறது, சம்பளம் மாதாமாதம் அதே இடத்திலிருந்து அதே பெயருக்கு வருகிறதா என்பதையும்தான். நான் பினாங்கு போன முதல் மாதத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். சீட்டு எடுத்து மொத்தமாகப் போட்ட ஒரு தொகைக்கு மட்டும் சீட்டுப் பாஸ்புக்கின் நகலோடு விளக்கக் கடிதம் வைத்தேன். வெளிநாட்டில் நீண்ட நாள் வேலை என்று போய்விட்டால் இங்கே இருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றவேண்டும் என்பது ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதி. நிறைய பேர் செய்வதில்லை, நானும் எட்டு மாதம் செய்யாமல்தான் இருந்தேன்.

கம்பெனி கடிதம் பற்றி ஒரு வார்த்தை. 'இவர் எந்த நாட்டிலிருந்தும் வேலை செய்ய அனுமதி உண்டு' என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டால் எந்தக் கம்பெனியும் உடனே கொடுக்காது. ஒரு ஊழியர் ஒரு நாட்டில் நிரந்தரமாக உட்கார்ந்து வேலை பார்த்தால், அந்த நாட்டு வரித்துறை 'உங்கள் கம்பெனிக்கு இங்கே ஒரு கிளை இருக்கிறது' என்று பிடித்துக்கொள்ளலாம் என்று அவர்களுக்குப் பயம். என்னைப் போல ஒப்பந்த முறையில் பில் அனுப்பிப் பணம் வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சம் எளிது. இங்கே பிஎஃப் பிடிக்கும் கம்பெனியில் இருப்பவர்கள் கடிதத்தைக் கடைசியில் கேட்காதீர்கள், முதலில் கேளுங்கள். அது கிடைக்காது என்றால் மற்ற எதையும் தொடவே வேண்டாம்.

பினாங்கைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லவேண்டும். அங்கே வாடகை ஒப்பந்தம் எழுதும்போது வீட்டுக்கார அம்மா, தமிழர்தான், என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் 'ஏ/பி' என்று போட்டார். என்னவென்று கேட்டேன். மலாயில் மகள் என்பதன் சுருக்கமாம், ஆண் பிள்ளை என்றால் 'ஏ/எல்'. தமிழரசி, ஏழுமலையின் மகள். அங்கே இருக்கும் தமிழர்களின் அடையாள அட்டையில் இப்படித்தான் இருக்கும். என் வாழ்க்கையில் என் பெயரை நான் சொல்கிறபடியே புரிந்துகொண்ட ஒரே காகிதம் அதுதான். அதை எந்த அலுவலகத்திலும் காட்ட முடியாது என்பது வேறு விஷயம்.

கடைசியாக நாள் கணக்கு. இதில்தான் நிறைய பேர் மாட்டுகிறார்கள். விசாவுக்கு ஒரு கணக்கு, வரிக்கு வேறு கணக்கு, வரியிலும் நாட்டுக்கு நாடு வேறு. தாய்லாந்து விசா ஒரு நுழைவுக்கு 180 நாள். அதே தாய்லாந்தின் வரிச் சட்டத்தில், ஜனவரி முதல் டிசம்பர் வரைக்குள் மொத்தம் 180 நாள் அல்லது அதற்கு மேல் இருந்துவிட்டால் வரிக் கணக்கில் நீங்கள் அந்த நாட்டுவாசி. 2024-லிருந்து வெளிநாட்டில் சம்பாதித்து உள்ளே கொண்டுவரும் பணத்துக்கும் அவர்கள் வரி கேட்கலாம். மலேசியாவில் பொதுவாக 182 நாள், அதுவும் ஜனவரி கணக்கு. இந்தியாவிலும் அடிப்படை 182 நாள்தான், ஆனால் ஏப்ரல் கணக்கு, அதோடு வருமானம் கூடினால் வரம்பு குறையும் உபவிதிகள் சில உண்டு. எங்கேயும் இந்த நாள் வரம்பு ஆகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் வரியே இல்லை என்று சிலர் கண்ணடிப்பார்கள். இந்தியாவிலிருந்து வரும் வருமானம் 15 லட்சத்தைத் தாண்டி, வேறு எந்த நாட்டிலும் வரிக்கு உட்படாமல் இருக்கும் இந்தியக் குடிமகனை இங்கேயே குடியிருப்பவராகக் கருதலாம் என்று 2020-லேயே சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். ஒரு ஆடிட்டருக்கு வருடத்துக்கு ஒருமுறை கொடுக்கும் பணத்தை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

விசா போன வாரம் மெயிலில் வந்தது. அம்மா முதலில் பெயரைத்தான் எழுத்து எழுத்தாகப் படித்தார். நான் லேப்டாப்பில் என் நாள் கணக்குத் தாளைத் திறந்து, போகும் தேதியைப் போட்டு, அங்கிருந்து கிளம்பவேண்டிய கடைசி நாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ஹார்பரில் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், முப்பது வருடம் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணியவர். பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவர், தினசரிக் காலண்டரில் கிழித்த ஒரு தாளை எடுத்துத் திருப்பிப் போட்டு, நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு என்று பென்சிலால் போட ஆரம்பித்தார். தாள் நிறைந்து இன்னொரு தாள் எடுத்தார். நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது முடித்திருந்தார்.

"ஒரு நாள் ஜாஸ்தி போட்டுக்கிற."

"இல்லப்பா, ஃபார்முலா போட்டிருக்கேன்."

"எறங்குற நாள எண்ணினியா?"

எண்ணவில்லை. அங்கே இறங்கும் நாளே முதல் நாள். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் 500 பாட் அபராதம், அதைவிட, பாஸ்போர்ட்டில் அந்தத் தழும்பு. டிக்கெட்டை ஒரு நாள் முன்னால் மாற்றினேன். மாற்றுக் கட்டணம் போடும் பக்கத்தில் பயணியின் குடும்பப் பெயர் கேட்டது, இந்த முறை யோசிக்காமல் தட்டினேன். அப்பா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, எழுத்து சரியா என்று எட்டிப் பார்த்தார்.